மண்கரையும் மறவாமையும்



மொழி மன்றத்தின் பொதுச் சொற்பொழிவில் மண்கரையைப் பற்றிப் பேசவிருக்கிறோம் என்று அறிந்த நண்பர் ஒருவர், "அது பொறியாளர் பேச வேண்டிய பொருளாயிற்றே?" என்று கேட்டார். கேள்வி முறையானதே. கரையைக் கட்டுவது பொறியாளர் பணி என்பதில் ஐயமில்லை. ஆனால் கட்டிய கரையின் பின்னே வாழ்வது மக்கள். அவர்கள் அந்தக் கரையை என்ன பெயரிட்டு அழைக்கிறார்கள், அதைப் பற்றி எதை நினைவில் வைத்திருக்கிறார்கள், எதை மறந்துவிட்டார்கள் என்பவை மொழியோடு தொடர்புடைய செய்திகள். அவற்றையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறோம்.

ஜெராமிலிருந்து தொடங்குவோம். மலாய் மொழியில் 'ஜெராம்' என்பது, ஆற்றுநீர் பாறைகளினூடே சரிந்து விரையும் இடத்தைக் குறிக்கும் சொல். காப்பாரிலிருந்து கோல சிலாங்கூருக்குச் செல்லும் கடற்கரைச் சாலையில் அமைந்த நம் ஜெராமிலோ பாறையும் இல்லை, சரிவும் இல்லை. மேற்கே மலாக்கா நீரிணையின் சேற்றுக் கரையும் கண்டல் மரங்களும் மீனவர் படகுத் துறைகளும் உள்ளன. கிழக்கே கண்ணுக்கெட்டிய தொலைவு வரை செம்பனை. வடிகாலில் கிடக்கும் நீர் நகர்கிறதா, நிற்கிறதா என்று அறிய ஓர் இலையைக் கிள்ளிப் போட்டுப் பார்க்க வேண்டும். நிலம் அத்துணைத் தட்டை.

இத்தட்டை நிலத்தில் கடலுக்கும் செம்பனைக்கும் நடுவே நீண்டு கிடக்கிறது மண்கரை. சில மாதங்களுக்கு முன்பு மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு அதன்மேல் நடந்தோம். "நாம் எதன்மேல் நடந்துகொண்டிருக்கிறோம்?" என்று கேட்டோம். "ரோடு, சார்" என்றான் ஒரு மாணவன். "மோட்டார் சைக்கிள் போற பாதை" என்றான் மற்றொருவன். ஒரு மாணவி மட்டும் "பான்" என்று மலாய்ச் சொல்லைக் கூறினாள். அதற்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டதும் அனைவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர்.

சற்றுத் தொலைவில், மதகின் அருகே, ஒரு பெரியவர் தூண்டிலிட்டு அமர்ந்திருந்தார். முன்னாளில் தோட்டத்தில் வடிகால் வேலை பார்த்தவர். எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "பிள்ளைங்களுக்குக் கரையைக் காட்டுறீங்களா, சார்?" என்றார். பிறகு கரையின் அடிப்புறத்தில் ஈரம் கசிந்திருந்த ஓரிடத்தைத் தூண்டிற்கோலால் சுட்டிக்காட்டிச் சொன்னார்: "இதுல வர்ற தண்ணி தெளிவா இருந்தா வீட்டுக்குப் போயி நிம்மதியாத் தூங்கலாம். கலங்கி வந்துச்சுன்னா தூங்கக் கூடாது, சார்."

மாணவர்கள் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. மண்ணணைகளைப் பற்றிய பொறியியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்கும் ஓர் உண்மையை அவர் இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டார். அதன் பொருளுக்குப் பின்னர் வருவோம்.

கரைக்குப் பின்னே இருக்கும் நிலம்

மலாக்கா நீரிணையின் இப்பகுதியில் கடலின் ஏற்ற இறக்கம் பெரிது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் பெருக்குக்கும் வற்றுக்கும் இடையே கடல்மட்டம் 4 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். கரையோர நிலமோ அப்பெருக்கின் மட்டத்தைவிடத் தாழ்ந்தது. கரை இல்லாவிடில் மாதந்தோறும் சில நாள்கள் கடல் உள்ளே வந்து போகும். கண்டற்காட்டுக்கு அது வாழ்வு. ரப்பருக்கும் செம்பனைக்கும் அது சாவு.

எனவே 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இக்கரையோரத்தில் தோட்டங்கள் எழுந்தபோது, மரம் நடுவதற்கு முன்னரே நீரை வெளியேற்றும் வேலை தொடங்க வேண்டியிருந்தது. காட்டை வெட்டி, வடிகால் தோண்டி, தோண்டிய களிமண்ணையே வரப்பாகக் குவித்து, கடலுக்கும் ஆற்றுக்கும் எதிரே கரை எழுப்பினார்கள். கங்காணியின் பின்னே கப்பலேறி வந்த தமிழரின் மண்வெட்டிக்கு அந்த வேலையில் பெரும் பங்குண்டு. 1932ஆம் ஆண்டில் வடிகால் நீர்ப்பாசன இலாகா தோற்றுவிக்கப்பட்டது. பிற்காலத்தில் நீண்ட கடற்கரைக் கரைகளும் பெரிய மதகுகளும் அரசுப் பணிகளாக வளர்ந்தன.

கரை கடலைத் தடுக்கிறது. ஆனால் வானத்திலிருந்து விழும் மழையைத் தடுக்க இயலாது. உள்ளே பெய்யும் மழைநீர் வெளியேற ஒரு வாய் வேண்டும். அதற்காகவே வடிகாலின் முடிவில் ஓதக்கதவு அமைக்கிறார்கள். கடல் வற்றும்போது கதவு திறந்து உள்நீர் வெளியே பாயும். கடல் பெருகும்போது கதவு மூடிக் கடல்நீரைத் தடுக்கும். நாளொன்றுக்கு இருமுறை கடல் வற்றும் அச்சில மணிநேரமே உள்நீருக்குக் கிடைக்கும் அவகாசம். பெருமழையும் பெரும்பெருக்கும் ஒரே வேளையில் வந்து சேர்ந்தால், கதவைத் திறந்தால் கடல் வரும், திறக்காவிட்டால் மழை தேங்கும். கரையோர ஊர்களில் கரை உடையாமலே வெள்ளம் வருவதன் காரணம் இதுதான்.

இன்னொன்றையும் மாணவர்கள் அறிய வேண்டும். நீரை வடித்தால் களிமண் சுருங்கும். கரிமண்ணாயின் காற்றுப்பட்டு மட்கியும் குறையும். ஆகவே, வடிகால் எத்துணை நன்றாக வேலை செய்கிறதோ, அத்துணை நிலம் தாழ்ந்துகொண்டே போகும். கரையும் தன் பாரத்தாலேயே மென்மையான சேற்றில் மெல்ல அமிழும். பாட்டன் காலத்தில் போதுமானதாக இருந்த உயரம் பேரன் காலத்தில் போதாமற்போவதற்கு யாரும் கரையை வெட்டியிருக்க வேண்டியதில்லை.

உடைந்த அணையின் ஊர்

ஜெராமுக்கு வடக்கே, கோல சிலாங்கூரில், சிலாங்கூர் ஆறு கடலில் கலக்கிறது. இரவில் மின்மினிகளைக் காணப் படகேறும் கம்போங் குவாந்தான் இந்த ஆற்றங்கரையில்தான் உள்ளது. இதே ஆற்றை எதிர்த்து மலையடிவாரம் வரை சென்றால், உலு சிலாங்கூரில் கோல குபு பாருவுக்கு அருகே ஒரு சிற்றூரை அடைவோம். அதன் பெயர் அம்பாங் பெச்சா. 'அம்பாங்' என்றால் அணை. 'பெச்சா' என்றால் உடைந்தது. ஊரின் பெயரே 'உடைந்த அணை'.

அங்கே ஒரு மண்ணணை இருந்தது. ஈயம் தோண்டுவோர் நீரைத் தேக்குவதற்காக எழுப்பியது. 1883க்கு நூறாண்டுகளுக்கு முன்னரே கட்டப்பட்டது என்று கருதப்படுகிறது. அதன் கீழே கோல குபு என்னும் ஊர் வளர்ந்தது. ஆங்கில ஆட்சி வந்தபின் அவ்வூரே உலு சிலாங்கூரின் நிர்வாக மையமாயிற்று. 1883 அக்டோபர் 29ஆம் நாள், கனமழையின் முடிவில் அணை உடைந்தது. தேங்கியிருந்த நீர் முழுவதும் ஊரின்மேல் இறங்கியது. மாவட்ட அதிகாரியாக இருந்த செசில் ரேங்கிங் உட்படப் பலர் உயிரிழந்தனர்.

ஊர்மக்கள் இதற்கு ஒரு காரணம் சொன்னார்கள். அணையைக் காத்து வந்த வெள்ளை முதலையை அந்த அதிகாரி சுட்டார். அதனால் அணை சினந்து உடைந்தது என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. கதையை நம்ப வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. எனினும் அதில் ஒரு நுட்பம் உண்டு. அணைக்கு ஒரு காவல் வேண்டும், காவல் போனால் அணை போகும் என்ற எண்ணத்தை அக்கதை தலைமுறைகளுக்குக் கடத்தியிருக்கிறது.

துயரம் அன்றோடு முடியவில்லை. சுரங்கங்கள் கழுவிவிட்ட மண்ணும் மணலும் ஆற்றில் படிந்தன. ஆற்றுப்படுகை உயர்ந்தது. உயர்ந்த ஆறு ஊருக்குள் மீண்டும் மீண்டும் வந்தது. வெள்ளத்தையும் வண்டலையும் தாள இயலாமல், ஊரையே இடம்பெயர்க்க முடிவு செய்தார்கள். நகரமைப்பு வல்லுநர் சார்லஸ் ரீட் திட்டமிட்ட புதிய நகரம் மேட்டு நிலத்தில் எழுந்தது. 1930ஆம் ஆண்டளவில் மக்கள் அங்குக் குடியேறினர். அதுவே இன்றைய கோல குபு பாரு. 'பாரு' என்றால் புதியது. பழைய ஊரின் இடத்தில் அம்பாங் பெச்சா என்னும் பெயர் நின்றது.

அந்தப் பெயரைச் சொல்லும் ஒவ்வொருவரும், அறிந்தோ அறியாமலோ, 1883ஆம் ஆண்டின் செய்தியைச் சொல்கிறார்கள். நினைவுத்தூண் எழுப்பினாலும் இத்துணைப் பேர் படிக்கமாட்டார்கள். ஓர் ஊர்ப்பெயர் அப்பணியைச் செய்கிறது.

மண்ணணை எப்படிக் காக்கிறது, எப்படி உடைகிறது

சிறிய மண்ணணை வெள்ளத்தைத் தடுப்பது எவ்வாறு? மழை மேட்டில் பெய்து ஒரே மூச்சில் கீழே இறங்குகிறது. அணை அந்நீரை வாங்கி வைத்துக்கொண்டு, ஆறு தாங்கும் அளவுக்குச் சிறிது சிறிதாக விடுகிறது. மொத்த நீரின் அளவு குறைவதில்லை. அதன் உச்சம் தணிகிறது, வரும் நேரம் நீள்கிறது. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மழை வரும்முன் அணையில் காலியிடம் இருக்க வேண்டும். நிறைகுடத்தில் மேலும் நீர் வார்க்க முடியாது. குடிநீருக்கோ பாசனத்துக்கோ நீர் வேண்டுபவர் அணை நிறைந்திருக்க விரும்புவார். வெள்ளத்துக்கு அஞ்சுபவர் அது குறைந்திருக்க விரும்புவார். இரண்டு பணியையும் ஓர் அணையிடம் ஒப்படைத்தால் எப்போது, எவ்வளவு திறப்பது என்பதே தலையாய கேள்வியாகிவிடும். கோலாலம்பூருக்கு வடக்கே 1980களில் கட்டப்பட்ட பத்து அணை, வெள்ளத் தணிப்புக்கும் குடிநீருக்குமாக எழுப்பிய மண்ணணையே. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறக்கப்பட்ட நீரும் அடையாற்று வெள்ளமும் சென்னையைச் சூழ்ந்தபோது எழுந்த பெரும் வாதமும் இந்த நேரக் கணக்கைப் பற்றியதே.

பயன் தரும் அணை எல்லாம் பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. கோல சிலாங்கூருக்கு வடகிழக்கே விரிந்து கிடக்கும் கரிமண் சதுப்புக்காடு மழைநீரைப் பஞ்சுபோல உறிஞ்சி, மெல்லக் கசியவிடுவது. தஞ்சோங் காராங் நெல்வயல்களுக்கு அது இயற்கைத் தேக்கமாகவும் பயன்படுகிறது. மரம் இழுப்பதற்கும் நிலம் திருத்துவதற்கும் முன்னாளில் வெட்டிய கால்வாய்கள் அந்நீரை வடித்துவிட்டன. காடு உலர்ந்தது, தீப்பற்றியது. இப்போது ராஜா மூசா காப்புக்காட்டில் அக்கால்வாய்களின் குறுக்கே சிறுசிறு தடுப்புகளை அமைத்து நீரை நிறுத்துகிறார்கள். ஆளுயரத்தையும் எட்டாத அத்தடுப்புகளால் காட்டுக்கு மீண்டும் ஈரம் கிடைக்கிறது.

இனி, மண்ணணை உடைவது எவ்வாறு? பெரும்பாலும் இரண்டு வழிகளில். முதலாவது, நீர் கரையின் தலைக்குமேல் வழிவது. கல்லணையின்மேல் நீர் வழிந்தால் கல் தாங்கும். மண்கரையின்மேல் வழிந்தால் பின்சரிவிலிருந்து மண் அரிக்கத் தொடங்கும். அரிப்பு மேலேறி உச்சியைத் தொட்டதும் சிறு பள்ளம் பெரும் வாயாகத் திறந்துவிடும். இரண்டாவது, உள்ளரிப்பு. எந்த மண்கரையும் சிறிது கசியும். அது இயல்பு. கசியும் நீர் தெளிவாக இருக்கும்வரை கரையின் மண் கரைக்குள்ளேயே இருக்கிறது என்று பொருள். நீர் கலங்கி வந்தால், அது மண்ணைச் சுமந்துகொண்டு வருகிறது; கரைக்குள்ளே ஒரு குழாய் உருவாகிக்கொண்டிருக்கிறது. மதகருகே தூண்டிலிட்டிருந்த பெரியவர் சொன்னது இதைத்தான்.

அக்குழாய்க்கு வழி தோண்டித் தருவன சிறியவை. நண்டின் வளை, எலிப்பொந்து, உடும்பின் பொந்து, பட்டுப்போன மரத்தின் மட்கிய வேர், மதகின் காரைச்சுவருக்கும் மண்ணுக்கும் இடையே விழுந்த விரற்கடை இடைவெளி ஆகியவை அவ்வகையின. கடற்கரைக் கரைக்கு மற்றொரு பகையும் உண்டு. முன்னே நிற்கும் கண்டற்காடு அழிந்தால் அலை நேரே கரையின் அடியில் மோதும். கண்டல் இருக்குமிடத்தில் அலை களைத்துப்போய்தான் கரையை அடைகிறது. கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்காவுக்குச் செல்லும் மாணவர்கள் கரையின்மேல் நின்று இருபுறமும் பார்க்கலாம். ஒருபுறம் ஓதம் வந்துபோகும் கண்டல். மறுபுறம் ஓதம் எட்டாத காடு. ஒரு மண்கரை செய்யும் வேலை முழுவதும் அங்கே கண்முன் விரிந்திருக்கிறது.

தமிழில் இருந்த சொற்கள்

தமிழகம் ஏரிகளின் நாடு. ஆண்டில் சில மாதங்களே பெய்யும் மழையை நம்பி வாழ்ந்தோர், நாடெங்கும் மண்கரை எழுப்பி நீரைத் தேக்கினார்கள். ஒரு கரைக்குக் கீழே அடுத்த ஏரி, அதன் கரைக்குக் கீழே மற்றொன்று எனச் சங்கிலியாகத் தொடுத்தார்கள். மேலேரி வழிந்தால் கீழேரி வாங்கிக்கொள்ளும். தொடர் முழுவதும் வெள்ளத்தைத் தணிக்கும் படிக்கட்டாகப் பயன்பட்டது. தொடரில் ஒரு கரை உடைந்தால் கீழுள்ளவையும் உடையக்கூடும் என்பதால், ஓர் ஊரின் கரை அடுத்த ஊரின் கவலையாகவும் இருந்தது.

இந்தத் தொழிலுக்கு ஒரு சொற்களஞ்சியமே இருந்தது. கரை, மடை, மதகு, குமிழி, வாய்க்கால், வடிகால், கலிங்கு. இவற்றுள் கலிங்கு நம் கவனத்துக்கு உரியது. ஏரி நிரம்பியபின் மிகுநீர் கரைக்குத் தீங்கின்றி வெளியேறுவதற்காகக் கல்லால் கட்டிய தாழ்ந்த வழியே கலிங்கு. கரையின் தலைக்குமேல் நீர் வழியக்கூடாது என்பதைக் கற்றவர்கள் கண்ட விடை அது. எத்துணை உயரமாகக் கரை கட்டினாலும் அதைவிடப் பெரிய மழை ஒருநாள் வரும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்ட அறிவும் அதில் இருக்கிறது.

கலிங்கின் வழியே நீர் போவதைச் சொல்லத் தமிழ் நிலங்களில் வேறுவேறு வழக்குகள் உள. வடதமிழகத்தில் 'ஏரி கோடி போகிறது' என்பர். தென்பாண்டி நாட்டில் 'குளம் மறுகால் பாய்கிறது' என்பர். ஈழத்து வன்னியில் 'குளம் வான் பாய்கிறது' என்பர். மூன்றும் மகிழ்ச்சிச் சொற்கள், மூன்றும் எச்சரிக்கைச் சொற்கள். இவ்வாண்டு விளைச்சல் உறுதி என்பதையும், கரையை இன்றிரவு பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதையும் ஒரே தொடர் சொல்லிவிடும்.

சொல் இருந்ததுபோலவே பொறுப்பும் இருந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், குடவோலை முறையில் ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த விதியைக் கூறுகின்றன. அவ்வாரியங்களுள் ஏரி வாரியம் ஒன்று. அதற்கு ஆறு பேர். அவர்தம் பணிக்காலம் 360 நாள். ஏரியைக் காப்பது ஓராண்டுப் பொறுப்பாக, கணக்குக் கேட்கத்தக்க பொறுப்பாக, ஆளைக் குறித்து ஒப்படைக்கப்பட்டது. பிற்காலத்தில் குடிமராமத்து என்ற பெயரில் ஊரார் கூடிக் கரையைச் செப்பனிட்டார்கள். மடையைத் திறந்து அடைக்க நீர்க்கட்டி, மடைக்குடும்பர் போன்றோர் இருந்தார்கள்.

பழமை மட்டும் கரையைக் காத்துவிடாது என்பதற்கும் நம்மிடம் சான்று உண்டு. இலங்கையின் கந்தளாய்க் குளம் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பெருமையுடையது. 1986 ஏப்ரல் 20ஆம் நாள் அதன் கரை உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நேற்றுவரை நின்றது என்பது நாளையும் நிற்கும் என்பதற்கு உறுதியாகாது.

கைகள் வந்தன, சொற்கள் நின்றுவிட்டன

இங்கே நம் உள்ளத்தை உறுத்தும் கேள்விக்கு வருகிறோம். ஏரிக்கரையும் கலிங்கும் அறிந்த ஊர்களிலிருந்து வந்தவர்களே ஜெராம் முதலான இடங்களில் வடிகால் வெட்டினார்கள், கரை கட்டினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கரையை 'ரோடு' என்கிறார்கள். இடையில் நடந்தது என்ன?

கைகள் கப்பலேறின, பொறுப்பு ஏறவில்லை. ஊரில் ஏரி அவர்களுடையதாக இருந்தது, அல்லது அவர்கள் உழுத நிலத்துக்கு உயிராகவேனும் இருந்தது. தோட்டத்தில் கரை துரையுடையது. எங்கே வெட்டுவது, எவ்வளவு உயர்த்துவது, கதவை எப்போது திறப்பது என்பவற்றை மேலிடம் முடிவு செய்தது. தொழிலாளிக்கு அளந்து கொடுத்த வேலையும் அன்றன்றைய கூலியும் மிஞ்சின. அளவு ஆங்கிலத்தில், கட்டளை ஆங்கிலத்தில், ஆகவே பெயரும் ஆங்கிலத்தில். கரை 'பண்ட்' ஆயிற்று. முடிவெடுக்கும் உரிமை இல்லாத இடத்தில் அதற்குரிய சொற்கள் தங்குவதில்லை. கலிங்கு என்ற சொல்லை எந்தத் தோட்டத்திலும் நாம் பேச்சுவழக்கில் கேட்டதில்லை.

தமிழ் எச்சுவடும் விடாமல் போயிற்று என்று சொல்வதற்கில்லை. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் கோல சிலாங்கூர் மாவட்டத்தில் உருவானது. அதன் பெயர் தென்னமரம் தோட்டம். தமிழர் நாவில் வழங்கிய பெயர், ஆங்கில ஏடுகளிலும் உலகச் செம்பனை வரலாற்றிலும் அப்படியே நிலைத்துவிட்டது. ஒரு சொல் நிலைக்க வேண்டுமாயின், அதை நாள்தோறும் சொல்வதற்கு ஒரு தேவை இருக்க வேண்டும்.

இன்று அந்தத் தேவை திரும்பி வந்திருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் மறைந்து, நம் மக்கள் வீடமைப்புப் பகுதிகளுக்குப் பெயர்ந்துவிட்டார்கள். அவற்றுட் பல, தாழ்ந்த நிலத்தில் கரைகளின் பின்னே எழுந்தவை. செம்பனை மூன்று நாள் நீரில் நின்றால் விளைச்சல் குறையும். வீடு மூன்று நாள் நீரில் நின்றால் ஒரு குடும்பத்தின் இருபதாண்டு உழைப்பு போகும். 2021 டிசம்பர் நடுவில் பெய்த பெருமழையில் நாடு முழுவதும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதையும், ஷா ஆலாம் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேலும் மாடிகளிலும் காத்திருந்ததையும் நாம் மறந்திருக்க முடியாது. மாணவருள் சிலர் அந்நாள்களில் பாடநூல்களை வெயிலில் உலர்த்தியிருப்பீர்கள்.

கரை தரும் பாதுகாப்பில் ஒரு பொல்லாங்கும் கலந்திருக்கிறது. கரை இல்லாதபோது சிறுவெள்ளம் அடிக்கடி வரும். மக்கள் எச்சரிக்கையாக இருப்பர், மேட்டில் வீடு கட்டுவர், பரண் அமைப்பர். கரை எழுந்தபின் சிறுவெள்ளம் வராது. பத்தாண்டு, இருபதாண்டு அமைதியாகக் கழியும். பயம் மறையும், வீடுகள் பெருகும், பரண் போகும். பின்னர் ஒருநாள், கரையைவிடப் பெரிய வெள்ளம் ஒன்று, அதை முற்றிலும் மறந்துபோன ஊருக்குள் வரும். சிறு துன்பங்கள் பலவற்றை வாங்கிக்கொண்டு பெருந்துன்பம் ஒன்றைக் கரை தள்ளி வைக்கிறது. தள்ளி வைத்த அந்தத் துன்பத்தை நினைவில் வைத்திருக்கும் வேலை மண்ணுக்கு இயலாது. அதை மனிதர் செய்ய வேண்டும். மனிதர் அதைச் சொற்களால்தான் செய்ய முடியும்.

பள்ளி செய்யக்கூடியவை

ஆசிரியப் பெருமக்களே, புதிய பாடத்திட்டம் எதையும் நாம் வேண்டவில்லை. இருக்கின்ற பாடங்களுக்குள்ளேயே சிலவற்றைச் செய்யலாம்.

ஆண்டுக்கு ஒருமுறை மாணவரைக் கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். வற்றின்போது ஒருமுறை, பெருக்கின்போது ஒருமுறை பார்த்தால் நல்லது. காலையில் ஓதக்கதவின் இருபுறமும் நீர் நின்ற உயரத்தை ஒரு கோலில் குறித்து, மாலையில் மீண்டும் குறித்தால், அறிவியலும் கணக்கும் ஒரே நாளில் கைவசமாகும். அமாவாசையும் பௌர்ணமியும் நாள்காட்டியில் விரதநாள்களாக மட்டும் இருந்துவிடாமல், கடலின் நாள்களாகவும் அவர்களுக்குத் தெரியட்டும்.

கரையின் உறுப்புகளைத் தமிழ்ப்பெயர் சொல்லி அறிமுகம் செய்யுங்கள். கரை, உச்சி, முன்சரிவு, பின்சரிவு, மதகு, ஓதக்கதவு, கலிங்கு, வடிகால், கசிவு. மலாய்ச் சொற்களையும் உடன் சொல்லுங்கள். ஆபத்து வேளையில் இலாகாவுக்குத் தொலைபேசியில் தெரிவிக்க அவையே உதவும். ஒரு மொழியை வைத்துக்கொண்டு மற்றொன்றைத் தள்ளும் வேலை இங்கு வேண்டாம். அம்பாங் பெச்சா என்ற மலாய்ப் பெயர் நமக்குக் கற்றுத் தந்ததைச் சற்றுமுன் கண்டோம்.

கட்டுரைப் போட்டிகளில் 'நீரின் சிறப்பு' என்ற தலைப்பு நீண்டகாலமாக இருந்து வருகிறது. அதனோடு, 'எங்கள் ஊரில் வெள்ளம் வந்த நாள்' என்ற தலைப்பையும் கொடுங்கள். பிள்ளைகள் பாட்டியிடமும் தாத்தாவிடமும் கேட்டு எழுதட்டும். நீர் எங்கிருந்து வந்தது, எந்தப் படி வரை ஏறியது, எத்தனை நாள் நின்றது என்பவற்றை எழுதச் சொல்லுங்கள். அத்தகைய இருபது கட்டுரைகளைப் பள்ளி நூலகத்தில் கட்டி வைத்தால், அவ்வூரின் வெள்ள வரலாறு அங்கே இருக்கும். இன்றிருக்கும் முதியவர்கள் போனபின் அதை எழுத இயலாது.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒன்று. கரையின்மேல் செல்லும்போது கண்ணைத் திறந்து செல்லுங்கள். புதிய பள்ளம், சரிந்த மண், கலங்கிய கசிவு, குப்பை அடைத்த கதவு ஆகியவற்றைக் கண்டால் பெரியவரிடம் சொல்லுங்கள். படம் எடுத்து உரிய இலாகாவுக்குச் சேர்ப்பியுங்கள். நீங்களே இறங்கிப் பார்க்க வேண்டாம். உத்திரமேரூரில் ஆறு பேர் 360 நாள் செய்த வேலையின் ஒரு சிறு பங்கை, பள்ளி விட்டு வீடு திரும்பும் வழியில் நீங்கள் செய்தவர்கள் ஆவீர்கள்.

அன்று ஜெராமில் கரையைவிட்டு இறங்கும்போது, 'ரோடு' என்று சொன்ன அதே மாணவன் சற்றுப் பின்தங்கினான். திரும்பிப் பார்த்தோம். பெரியவர் காட்டிய ஈர இடத்தின் அருகே குனிந்து நின்றுகொண்டிருந்தான். "என்னப்பா பார்க்கிறாய்?" என்று கேட்டோம். "தெளிவாத்தான் வருது, சார்" என்றான்.

அந்தக் கரைக்கு அன்று ஒரு காவல் கூடியது. அத்தகைய காவலரை ஒவ்வொரு பள்ளியும் உருவாக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.